கச்சான் காற்றில் ரியூபுலர் ஒட்டிய கதை

ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்திறங்கும் பழைய சைக்கிள்களுக்குள் சில வேளை நல்ல சாமான் அகப்படும். என் மருமகனுக்கு அகப்பட்டது ஒரு றேசிங் சைக்கிள். பிறேம் சுமார், கியர் பரவாயில்லை, ஆனால் சில்லு இரண்டும் அருமை. 36 கம்பி, அறாயா கம்பனியின் றிம், சுற்றிவிட்டால் ஒரு நெளிவும் தெரியாது. ரயர்கள்தான் உக்கிப்போயிருந்தன. புதுசு போடலாம் என்று திருகோணமலை ரவுனுக்குள் இருக்கும் சைக்கிள் கடைக்குக் கொண்டு போனான். கடைக்கார ஐயா பழைய ரயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு றிம்மை விரலால் தடவிப் பார்த்தாராம். "தம்பி, இதில ரயர் கொளுவுறதுக்கு விளிம்பே இல்லையே. ஆரோ சீவிப்போட்டாங்கள்."

ஒருவரும் சீவவில்லை. அது ரியூபுலர் றிம்.

சாதாரண ரயரின் இரண்டு ஓரத்திலும் கம்பி ஓடும். றிம்மின் விளிம்பு அந்த ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும். ரியூப் உள்ளே தனியாகக் கிடக்கும். ரியூபுலர் அப்படியில்லை. ரயர்த் துணியே ரியூபை முழுதாகச் சுற்றி அடியில் தைக்கப்பட்டிருக்கும். அந்தத் தையலை மூடி ஒரு பருத்தி நாடா. றிம்மில் விளிம்புக்குப் பதிலாக ஆழமில்லாத ஒரு பள்ளம் மட்டும். நாடாவைப் பள்ளத்தில் இருத்திப் பசை போட்டு ஒட்டவேண்டும். முழுக் காற்றும் அடித்தால் ரயர் இறுகி றிம்மைக் கவ்வும் என்பது உண்மைதான். ஆனால் வளைவில் பக்கவாட்டாக இழுபடும்போது அதைக் கழலாமல் வைத்திருப்பது பசை. ஒரு காலத்தில் போட்டிச் சைக்கிள் என்றால் இதுதான். இப்போது ஐரோப்பாவின் பெரிய போட்டிகளிலேயே பெரும்பாலானோர் கைவிட்டுவிட்டார்கள். ஜப்பானில் பந்தயம் கட்டி நடத்தும் கெய்ரின் ஓட்டத்தில் இன்றைக்கும் ரியூபுலர்தான். அங்கிருந்து வரும் பழைய சில்லுகளில் இது அகப்படுவதில் ஆச்சரியம் இல்லை.

நான் முதலில் சொன்னது, "இதை விடு தம்பி, சாதாரண றிம் வாங்கிக் கம்பி கட்டித் தாறன்" என்றுதான். தினமும் கடைக்கும் வேலைக்கும் ஓடுகிற சைக்கிளுக்கு ரியூபுலர் வீண் கரைச்சல். பஞ்சர் என்றால் தையல் பிரிக்கவேண்டும், எந்தக் கடையிலும் செய்து தரமாட்டார்கள். ஆனால் அவனுக்கு அடுத்த சித்திரைப் புத்தாண்டு சைக்கிள் ஓட்டம் கண்ணுக்குள் நிற்கிறது. "மாமா, ஒருக்கா ஒட்டிப் பாப்பம். இவ்வளவு நல்ல றிம்மை எறியிறதே?" என்றான். றிம் நல்லது என்பதை மறுக்க முடியவில்லை. விளிம்பு இல்லாததால் எடை குறைவு. குழியில் அடித்தாலும் ரியூப் றிம்முக்கும் ரயருக்கும் இடையில் நசிந்து வெட்டுப்படுவது அபூர்வம். நன்றாக ஒட்டியிருந்தால் காற்றுப் போன பிறகும் ரயர் றிம்மிலேயே கிடக்கும், விழாமல் நிறுத்தலாம். சரி, ஒட்டுவோம் என்று இறங்கினோம்.

பசையில்தான் முதல் வாக்குவாதம். செருப்பு ஒட்டும் பசை போதும் என்றார் ஒருவர். சூப்பர் குளூ என்றார் இன்னொருவர். இரண்டும் சரிவராது. சூப்பர் குளூ கண்ணாடி போல இறுகும், ரயரோ ஓடும்போது ஓயாமல் நெளியும், இரண்டாம் நாளே வெடித்துவிடும். செருப்புப் பசை காய்ந்த பிறகு மேற்பரப்பில் பிசுபிசுப்பு இராது, வழியில் ரயர் மாற்றவேண்டி வந்தால் அதன்மேல் புது ரயர் பிடிக்காது. றிம் சிமெந்து என்று இதற்கென்றே இருக்கும் பசை முழுதாக இறுகுவதே இல்லை. மாதக்கணக்கில் ஒரு பிசுபிசுப்பு மிச்சம் இருக்கும். கொன்ரினென்ரல், விற்றோரியா என்ற இரண்டு கம்பனிகளின் பசையைத்தான் உலகம் முழுக்க அதிகம் பாவிக்கிறார்கள். 25, 30 கிராம் ரியூபாகவும் வரும், பெரிய ரின்னாகவும் வரும். சில்லுக்கு ஒரு சின்ன ரியூப் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எரிபற்றும் சாமான் என்பதால் வெளிநாட்டில் இருந்து வரும் சொந்தக்காரரிடம் பெட்டியில் போட்டுக்கொண்டு வரச் சொல்லவும் முடியாது. கொழும்பில் சொல்லி வைத்துத்தான் எடுத்தோம். இரண்டு பக்கமும் ஒட்டும் நாடாவும் இருக்கிறது. வேலை சுலபம், கை அழுக்காகாது. அலுமினிய றிம்முக்கு எனக்குப் பசைதான் பிடிக்கும்.

றிம்மில் பழைய பசை இருந்தது. பழைய பசை சமமாக, மெல்லியதாக, இன்னும் இளகலாக இருந்தால் அதை விட்டு அதன்மேலேயே ஒட்டலாம், நல்ல அடித்தளம். இதிலோ கபிலநிறத்தில் காய்ந்து செதில் செதிலாகப் பெயர்ந்தது. அப்படியானதை முழுக்க எடுக்கவேண்டும். பலகைத் துண்டு ஒன்றைச் சாய்வாகச் சீவி அதால் சுரண்டினோம். இரும்பால் சுரண்டினால் அலுமினியம் கீறும். மிச்சத்தை அசற்றோன் நனைத்த துணியால் துடைத்தோம். எங்கள் ஊரில் எதைத் துடைப்பதென்றாலும் மண்ணெண்ணெய்ப் போத்தலைத்தான் தேடுவோம். இதற்கு அது கூடவே கூடாது. எண்ணெய்ப் படலம் விட்டுப் போகும், அதன்மேல் பசை பிடிக்காது.

கடற்கரை ஊரில் இன்னொன்றும் பார்க்கவேண்டும். கம்பி ஓட்டைகளைச் சுற்றி வெள்ளையாக மா மாதிரிப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். உப்புக்காற்று அலுமினியத்தைத் தின்கிற அடையாளம் அது. மேலோட்டமாக இருந்தால் எமறித்தாளால் தேய்த்து எடுக்கலாம். ஓட்டையிலிருந்து கீற்றாக வெடிப்பு ஓடியிருந்தால் அந்த றிம்மைக் கும்பிட்டு அனுப்பிவிடவேண்டும். எங்களுடையதில் நாலைந்து ஓட்டைகளில் கொஞ்சம் பூத்திருந்தது, வெடிப்பு இல்லை. பள்ளம் முழுவதையும் எமறித்தாளால் ஒருதரம் தேய்த்து, மறுபடி அசற்றோனால் துடைத்தோம். அதற்குப் பிறகு விரல் படக்கூடாது. விரலில் உள்ள எண்ணெயே போதும் பசையைக் கெடுக்க.

வால்வு ஓட்டையையும் ஒருதரம் பார்த்துக்கொள்வது நல்லது. ரியூபுலரில் வால்வின் அடி கொஞ்சம் தடித்திருக்கும். ஓட்டையின் மேல்விளிம்பு கூராக இருந்தால் அந்தத் தடிப்பு உள்ளே இறங்காமல் ரயரைத் தூக்கிப் பிடிக்கும், ஓடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துள்ளல். வட்ட அரத்தால் விளிம்பை இலேசாகச் சாய்த்துவிட்டேன்.

பசை போட முதல், ரயரை வெறும் றிம்மில் ஏற்றி இழுபட விடவேண்டும். புது ரியூபுலர் என்றால் விட்டம் குறைவாகவே இருக்கும். மருமகன் "இது சின்ன சைஸ் மாமா, மாத்தி அனுப்பிப்போட்டாங்கள்" என்று சண்டைக்கே போய்விட்டான். சைஸ் சரிதான். சில்லை நிலத்தில் நிறுத்தி, வால்வு ஓட்டையை மேலே வைத்து, வால்வைச் செருகி, இரண்டு கையாலும் ரயரைக் கீழ்நோக்கி இழுத்து இழுத்து இறக்கிக்கொண்டு போகவேண்டும். கடைசி ஒரு சாண் பெருவிரலுக்கு வரும் சோதனை. இருவராக நின்றால் சுகம். ஏற்றியதும் காற்றைத் தாராளமாக அடித்து, நிழலில் ஒரு நாளாவது தொங்கவிடுங்கள், எத்தனை நாள் கூடுதலாக விடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. பசை பூசிய பிறகு இழுபறிப்படுகிற ரயர் ஆளையும் சுவரையும் சேர்த்து ஒட்டிவிடும். அதனால் இந்தப் படியைத் தாண்டவே கூடாது.

கழற்றியதும் நாடாவை முழுச்சுற்றும் பார்த்தோம். நாடா துணியோடு ஒட்டாமல் எங்காவது எழும்பி நின்றால், றிம்மில் எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் பிரயோசனம் இல்லை. நாடா றிம்மில் இருக்கும், ரயர் மட்டும் பிய்ந்து போகும். சில கம்பனிகளின் நாடாவில் வழுவழுப்பான இறப்பர்ப் பூச்சும் இருக்கும். அப்படியானதைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கினால்தான் பசை உள்ளே இறங்கும். எங்களுடையது வெறும் பருத்தி.

இனிப் பசை. ரியூபுக்கு ஒட்டுப் போடத் தெரிந்தவருக்கு இதன் சூத்திரம் பாதி தெரியும். தேய், மெல்லியதாகப் பூசு, காயவிடு, பிறகு அமுக்கு. சொலூஷன் ஈரமாக இருக்கும்போதே ஒட்டுத்துண்டை வைத்தால் அது வழுக்கிக்கொண்டு போகும் அல்லவா, இங்கேயும் அதேதான். ஒரே தரத்தில் தடிப்பாகப் பூசி ஒட்டினால் மேலே தோல் கட்டும், உள்ளே மாதக்கணக்கில் கூழாக இருக்கும். பிடிமானம் முழுவதும் மெல்லிய பூச்சுகளில்தான் இருக்கிறது. றிம்மில் இரண்டு பூச்சு, நாடாவில் ஒன்று. ஒவ்வொன்றும் இரவு முழுக்கக் காயவேண்டும். அதற்குப் பிறகு றிம்மில் மூன்றாவதாக மிக மெல்லிய ஒன்று. அது பிசுபிசுக்கும் நேரத்தில் ரயரை ஏற்றவேண்டும்.

நாங்கள் இதைச் செய்தது கச்சான் அடிக்கும் காலத்தில். மேற்கிலிருந்து அந்த வரண்ட காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலையில் முற்றத்து மண் எல்லாம் விறாந்தைக்கு வந்துவிடும். பசைக்கு வெக்கையும் பகை, புழுதியும் பகை. வெக்கையில் பசையில் உள்ள கரைப்பான் பறந்துவிடும். பூசும் பிறஸ்ஸை எடுக்கும்போதே நூல் நூலாக இழுபடும், அரைச் சுற்றுப் போவதற்குள் தொடங்கிய இடம் தோல் கட்டிவிடும். புழுதி ஒட்டிய பூச்சோ மண்தாள்தான். கதவு யன்னலைப் பூட்டினால் அந்த மணத்தில் தலை சுற்றும். ஆகவே விடியற்காலையைத் தெரிவுசெய்தோம், காற்று இன்னும் எழும்பாத நேரம். யன்னல் திறந்தபடி. பூசிய சில்லைத் தூக்கி அறைக்குள் தொங்கவிட்டு அதன்மேல் நுளம்புவலையை இறக்கிவிட்டோம். புழுதியும் படவில்லை, பூச்சியும் ஒட்டவில்லை. நுளம்புவலை என்றதும் ஞாபகம் வருகிறது, அந்த அறையில் நுளம்புச்சுருள் கொளுத்தக்கூடாது, சாம்பிராணியும் கூடாது. பசையின் ஆவி நெருப்புப் பிடிக்கும். அக்கா வெள்ளிக்கிழமைச் சாம்பிராணித் தட்டோடு வந்தபோது வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பவேண்டியிருந்தது.

பூசுவதற்குச் சின்னப் பெயின்ற் பிறஸ் ஒன்றை வாங்கி அதன் மயிரை அரைவாசிக்கு வெட்டிக்கொண்டேன். நீள மயிர் பசையில் வளைந்து கொடுக்கும், கட்டையாக இருந்தால் தேய்த்துப் பரப்பலாம். பிறேக் கட்டை உரசும் பக்கச் சுவர்களை மறைப்பு நாடாவால் மூடினோம். பசையைக் கம்பி ஓட்டைகளுக்குள் ஊற்றாமல், நான்கு ஐந்து கம்பி இடைவெளிக்கு ஒரு துளியாக விட்டு, அந்த அளவைப் பரப்பிவிட்டு அடுத்ததற்குப் போவது வசதி. முக்கியமான இடம் பள்ளத்தின் நடு அல்ல, இரண்டு ஓரமும்தான். சைக்கிள் சரியும்போது ரயர் முதலில் எழும்பப் பார்ப்பது ஓரத்தில். நடுவில் குளமாகப் பசை நின்று ஓரம் வெறுமையாக இருந்தால் பார்வைக்கு ஒட்டினது மாதிரி இருக்கும், வளைவில் உரிந்து வரும். முதல் பூச்சு அலுமினியம் தெரிகிற அளவுக்கு மெல்லியதாக இருந்தது. மருமகனுக்குத் திருப்தி இல்லை, "காணாது மாமா, இன்னும் கொஞ்சம்" என்றான். இரண்டாவது பூச்சுக் காய்ந்த பிறகு தேன்நிறத்தில் ஒரே சீராக வந்தது. நாடாவுக்குப் பூசும்போது ரயரில் கொஞ்சமாகக் காற்று அடித்தால் அது தானாக உள்வெளியாகத் திரும்பி நாடாவை மேலே காட்டும்.

ஏற்றும் நாள். மூன்றாம் பூச்சைப் பூசிவிட்டுப் விரலின் புறத்தால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். பசை விரலோடு வராமல் விரலைப் பிடித்து இழுத்தால் அதுதான் பதம். புத்தகக் கணக்குக்குப் பத்து, பதினைந்து நிமிடம் என்பார்கள். எங்கள் வெக்கையில் அதற்கு முன்பே வந்துவிட்டது. கடிகாரத்தை நம்பாமல் விரலை நம்புவது நல்லது. ரயரில் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று. நிலத்தில் சுத்தமான மட்டை விரித்து, சில்லை நிறுத்தி, வால்வை நேராக இறக்கி, முன்னர் செய்தபடி இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக்கொண்டு போனோம். ஏற்கெனவே இழுபட்ட ரயர் என்பதால் கடைசிச் சாண் மல்லுக்கட்டவில்லை. சில்லைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு பெருவிரலாலும் தூக்கிப் போட்டதும் இருந்துவிட்டது. கையுறை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். பசை பட்ட கையோடு ரயரின் பக்கத்தைத் தொட்டால் அந்தக் கறுப்புக் கைத்தடம் ரயர் தேயும் வரைக்கும் இருக்கும்.

உடனே நேராக்கவேண்டும், பசை பிடிக்க முதல். சில்லைச் சைக்கிளின் போர்க்கில் போட்டு மெல்லச் சுற்றி, நாடா இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று பார்ப்பதுதான் முறை. ஒரு பக்கம் அதிகமாகத் தெரிந்தால் அந்த இடத்தைத் தூக்கித் திருகி இருத்தவேண்டும். பொறுமை இல்லாதவருக்கு இந்த இடம் சரிவராது. மருமகனின் கண் என்னுடையதைவிடக் கூர்மை, அவன் சொல்லச் சொல்ல நான் திருப்பினேன். நேரானதும் கொஞ்சம் காற்றைக் கூட்டி, அச்சின் இரண்டு முனையையும் பிடித்துச் சில்லைச் சரித்து, உடம்புப் பாரத்தைக் கொடுத்து நிலத்தில் உருட்டினோம். இரண்டு பக்கமும் சரித்து உருட்டினால் ஓரங்கள் பசைக்குள் அமுங்கும். கடைசியாக 120 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வரும் அளவுக்கு அடித்து, சுவரில் மாட்டி, ஒரு முழுநாள் தொடக்கூடாது என்று கட்டளை.

தொட அனுமதி கிடைத்த நாளில் காற்றை முழுக்கத் திறந்துவிட்டு, பெருவிரலால் ரயரைப் பக்கவாட்டுக்குத் தள்ளிப் பார்த்தோம், சுற்று முழுக்க, இரண்டு பக்கமும். எங்காவது ஓரம் எழும்பி உள்ளே வெளிச்சம் தெரிந்தால் அந்த ஒட்டுத் தோல்வி. பின்சில்லில் எங்கும் அசையவில்லை. முன்சில்லில் றிம் மூட்டுக்குக் கிட்ட ஒரு விரல் அகலத்துக்கு ஓரம் சற்று இளகியது. அதற்குள் கொஞ்சம் பசையை விட்டு, காற்றடித்து மறுபடியும் ஒரு நாள் வைத்தேன். முன்சில்லில் மட்டும் எந்தச் சந்தேகத்தையும் மிச்சம் வைக்கக்கூடாது.

வெக்கை பற்றி ஒன்று சொல்லவேண்டும். 2003 யூலை 14 அன்று ரூர் டி பிரான்ஸ் ஓட்டத்தில், கப் நகருக்கு இறங்கும் மலைவீதியில் ஸ்பெயின் வீரர் யோசெபா பெலோக்கி விழுந்தது சைக்கிள் பார்க்கிறவர்கள் மறக்காத காட்சி. வெயிலில் தார் இளகிக் கிடந்தது. பின்சில்லு இறுகிச் சறுக்கியது, ரயர் றிம்மை விட்டுக் கழன்றது, அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. பின்னால் வந்த அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ரோங் வீதியை விட்டு வயலுக்குள் இறங்கி ஓடித் தப்பினார். நீண்ட இறக்கத்தில் பிறேக் பிடித்துக்கொண்டே வந்தால் றிம் கொதிக்கும், கொதித்தால் பசை இளகும். நமக்கு அந்த வகை இறக்கம் இல்லை. பிரெட்றிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வீதிதான் பக்கத்தில் உள்ள ஏற்றம், அதிலும் இறங்கும்போது மான்களுக்காகப் பிறேக் பிடிப்பதே அதிகம். றிம் சூடாக முதல் வாசல் வந்துவிடும். நுவரெலியாப் பக்கம் கொண்டு போனால் கதை வேறு. இங்கே எதிரி வெயில். 35 பாகை வெயிலில் சைக்கிளைச் சாத்திவிட்டுப் போனாலோ, பூட்டிய வானுக்குள் சில்லைப் போட்டு வைத்தாலோ காற்றழுத்தமும் ஏறும், பசையும் இளகும். நிழல் இல்லாத இடத்தில் விடுவதென்றால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவது புத்தி.

ஓட்டிப் பார்த்தது உப்புவெளியிலிருந்து சாம்பல்தீவு கடந்து நிலாவெளி வரை, வெயில் ஏற முதல். தட்டை வீதி, நடுவீதியில் படுத்திருக்கும் மாடுகளைத் தவிர வளைந்து திரும்ப வேலை இல்லை. அதனால் வளைவுச் சோதனையை அதற்கு முதலே வெறும் மைதானத்தில், மெதுவாகத் தொடங்கிச் சிறிய வட்டங்களாகச் சுற்றிச் செய்திருந்தோம். திரும்பி வந்தவன் சொன்னது, "சத்தமே வேற மாமா." அது உண்மை. நல்ல துணியில் செய்த மெல்லிய ரயர் தாரில் ஒரு மாதிரி ரீங்காரத்தோடு ஓடும்.

பஞ்சருக்கு என்ன செய்வது? ஏற்கெனவே ஒரு பூச்சுப் பசை போட்டுக் காயவைத்த மேலதிக ரயர் ஒன்றை, பசைப் பக்கம் உள்ளே வரும்படி மடித்து இருக்கைக்கு அடியில் கட்டிக்கொள்ளவேண்டும். வழியில் காற்றுப் போனால் பழையதை உரித்துவிட்டு இதை ஏற்றி, றிம்மில் மிச்சமிருக்கும் பிசுபிசுப்பில் காற்றடித்து வீடு வரலாம், வளைவுகளில் தாளம் தப்பாமல் மெதுவாக. வீட்டுக்கு வந்து முறைப்படி ஒட்டவேண்டும். பஞ்சரான ரயரை எறியத் தேவையில்லை. நாடாவை ஒரு சாண் உரித்து, தையலைப் பிரிப்பதற்கு முன் பேனாவால் குறுக்குக் கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள், திருப்பித் தைக்கும்போது பழைய ஓட்டைகள் நேராக வரும். ரியூபுக்கு மெல்லிய ஒட்டு. தைப்பதற்குப் பின்னல் நைலோன் நூல், கடற்கரைக் கடைகளில் வலைக்கு விற்பதுதான். தங்கூசி என்கிற ஒற்றை இழைத் தூண்டில் நூல் வேண்டாம், அது துணியையே அறுக்கும்.

மாரி தொடங்க முதல் இரண்டு சில்லையும் ஒருதரம் காற்றிறக்கிப் பெருவிரல் சோதனை செய்யச் சொல்லியிருக்கிறேன். வாடைக்காற்றோடு மழை வந்தால் வால்வு ஓட்டையாலும் கம்பி ஓட்டைகளாலும் தண்ணீர் உள்ளே இறங்கும், பருத்தி நாடா ஈரத்திலேயே கிடந்து உக்கும். மழையில் ஓடினால் வீட்டுக்கு வந்ததும் சில்லைக் கழற்றி, வால்வு ஓட்டை கீழே வரும்படி மாட்டிவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும். நாடாவில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் அந்த ரயரைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, போட்டிக்கு வேறு ஒட்டுவோம்.